லேப்ரடார் பெட்டைக்குக் கருத்தடை: முதல் பருவத்துக்கு முன்பா, பின்பா?

உங்கள் வீட்டு லேப்ரடார் பெட்டைக்கு ஏழு மாதம் நிறைந்திருக்கிறது, எடை 22 கிலோ, இதுவரை பருவத்துக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தடுப்பூசி போடும் மருத்துவர் இப்போதே கருத்தடை செய்துவிடலாம் என்கிறார். வேறொருவர் ஒரு ஹீட், அதாவது ஒரு பருவம், முடியட்டும் என்கிறார். உங்கள் மாமியாரோ ஓர் ஈற்றாவது குட்டி போட்டால்தான் அதன் உடம்புக்கு நல்லது என்கிறார். போதாததற்கு, கருத்தடை செய்யப்படாத இரண்டு வயது ஆண் நாட்டு நாய் ஒன்றும் அதே வீட்டில் வளர்கிறது. யார் சொல்வதைக் கேட்பது, அறுவை சிகிச்சை வரைக்கும் ஹீட்டை எப்படிச் சமாளிப்பது என்பவை உங்கள் கேள்விகள். இருபது ஆண்டுகளாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறவன் என்ற முறையில் என் கருத்தைக் காரணங்களோடு எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாய்க்கு முதல் பருவம் வந்து முடியட்டும். அது முடிந்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணி, ஒரு வயதைக் கடந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்யுங்கள். ஆனால் பருவம் தொடங்கியதிலிருந்து நான்கு வாரமும் வீட்டில் பொறுப்பான ஓர் ஆள் காவலுக்கு இருக்க முடியாது என்றால், தயங்காமல் இப்போதே செய்துவிடுங்கள். இரண்டு மருத்துவர்களில் எவரும் தவறாகச் சொல்லவில்லை. ஒருவர் எலும்பையும் மூட்டையும் நினைத்துச் சொல்கிறார், மற்றவர் மடிக் கட்டியையும் வேண்டாத சினையையும் நினைத்துச் சொல்கிறார்.

மூட்டு விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும். வளரும் நாயின் நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டுகள் என்ற குருத்தெலும்புப் பகுதிகள் இருக்கின்றன. அவை மூடிக்கொள்வதற்குச் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தேவை. சினைப்பைகளை முன்னதாகவே எடுத்துவிட்டால் தட்டுகள் மூடுவது தள்ளிப்போகிறது, எலும்பு சிறிது அதிகமாக நீள்கிறது, முழங்காலில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் கோணமும் மாறுகிறது. ஐந்து கிலோ எடையுள்ள நாய்க்கு இது ஒரு பொருட்டல்ல. முப்பது கிலோ எடையைத் தாங்க வேண்டிய லேப்ரடாருக்கு முழங்கால் தசைநார் கிழிவதிலும் இடுப்பு மூட்டுத் தேய்மானத்திலும் கொண்டுபோய் விடக்கூடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் 2013 முதல் தொடர்ந்து வெளியான ஆய்வுகளில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட லேப்ரடார் பெட்டைகளுக்கு மூட்டு நோய்கள், செய்யப்படாதவற்றைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டன. 35 இனங்களை ஒப்பிட்டு 2020-இல் அதே குழு வெளியிட்ட ஆய்வு, லேப்ரடார் பெட்டைக்கு ஒரு வயது தாண்டும் வரையிலும், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது தாண்டும் வரையிலும் காத்திருக்கப் பரிந்துரைக்கிறது. சிறிய இனங்களில் இந்த மூட்டுக் கேடு தென்படவில்லை. கோல்டன் ரெட்ரீவர் பெட்டைகளிலோ எந்த வயதில் கருத்தடை செய்தாலும் சில புற்றுநோய்கள் கூடுதலாகத் தெரிந்தன. லேப்ரடாருக்கு அந்தக் கவலை இல்லை. தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இந்த இரு இனங்களுக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த 35 இனங்களில் நம் ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, கோம்பையோ, கன்னியோ இல்லை. ஆகவே நம் நாட்டு இனங்களை வளர்ப்பவர்கள் எடையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதும் அதுவே: வளர்ந்த பின் ஏறக்குறைய 20 கிலோவுக்குள் நிற்கும் பெட்டைக்கு முதல் பருவத்துக்கு முன், ஐந்தாறு மாதத்தில் செய்யலாம், அதற்கு மேல் வளரும் நாய்க்கு ஐந்து முதல் பதினைந்து மாதத்துக்குள், நாயையும் வீட்டையும் பார்த்து முடிவெடுக்கலாம். ஸ்பிட்ஸ், பக், ஷிட்ஸு போன்றவற்றை என்னிடம் கொண்டுவந்தால் முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிடுவேன். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குட்டிக்கும் அப்படித்தான்.

உடனே செய்யுங்கள் என்று சொன்ன மருத்துவரின் பக்கம் உள்ள நியாயம் மடிக் கட்டி. 1969-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலிருந்து 0.5, 8, 26 என்ற மூன்று எண்கள் இன்றுவரை எல்லோராலும் எடுத்துக்காட்டப்படுகின்றன. முதல் பருவத்துக்கு முன் செய்தால் 0.5 சதவீதம், முதல் பருவத்துக்குப் பின் 8 சதவீதம், இரண்டாம் பருவத்துக்குப் பின் 26 சதவீதம் என்பது கணக்கு. இதைக் கேட்கும் பலர், ஒரு பருவம் கடந்தால் நூற்றுக்கு எட்டு நாய்களுக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று எண்ணிக் கலங்குகிறார்கள். அந்த எண்களுக்கு அது பொருளல்ல. கருத்தடையே செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், ஒரு பருவம் கடந்து செய்யப்பட்ட நாய்க்கு எட்டு என்பதுதான் பொருள்; அதாவது ஆபத்தில் பெரும்பகுதி அப்போதும் விலகிவிடுகிறது. மேலும், 2012-இல் இது தொடர்பான ஆய்வுகள் அனைத்தையும் மறுபரிசீலனை செய்தவர்கள் இந்தச் சான்றுகள் வலுவானவையல்ல என்றே எழுதினார்கள். ஆகவே ஒரு பருவத்தை அனுமதிப்பதை நான் பெரிய இழப்பாகக் கருதவில்லை. மூன்று, நான்கு என்று தள்ளிக்கொண்டே போவதைத்தான் ஏற்க மாட்டேன்.

ஏற்க மறுப்பதற்கு மடிக் கட்டியைவிட முக்கியமான காரணம் கருப்பையில் சீழ் பிடிப்பது. பெட்டை நாயின் உடலில், சினையானாலும் ஆகாவிட்டாலும், ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் ஏறக்குறைய இரண்டு மாதம் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, சுரப்பைக் கூட்டி, வாயை மூடி, உள்ளே வந்த கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் குறைத்துவிடுகிறது. பருவக் காலத்தில் திறந்திருந்த வாய் வழியே புகுந்த ஈ-கோலை போன்ற குடல் கிருமிகளுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. பெண்களுக்கு இருப்பதுபோல் நாய்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வயது என்று ஒன்று கிடையாது; பருவங்கள் கடைசிவரை வரும், ஒவ்வொன்றும் அந்த உட்சுவரை இன்னும் கொஞ்சம் கெடுக்கும். சுவீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களைக் கணக்கெடுத்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெட்டைக்கு இந்நோய் வந்திருந்தது. அங்கே நோயில்லாத நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு என்பதால், கருத்தடையின்றி வாழும் நாய்களின் நிலையை அந்தக் கணக்கு நன்றாகக் காட்டுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது வயது லேப்ரடார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹீட் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நாலு நாளாக வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பிடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, சினையோ என்னவோ என்று நினைத்தோம் என்றார்கள். வெளியே ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை, ஏனென்றால் கருப்பை வாய் இறுக மூடியிருந்தது. வயிற்றைத் திறந்தபோது, சாதாரணமாகப் பென்சில் பருமன்கூட இல்லாத கருப்பைக் கொம்புகள் இரண்டும் என் மணிக்கட்டுப் பருமனுக்கு வீங்கி, சற்று அழுத்திப் பிடித்தால் பிய்ந்துவிடும் நிலையில் இருந்தன. தட்டில் எடுத்து வைத்து நிறுத்தபோது மூன்று கிலோவுக்கு மேல். அந்த நாய் பிழைத்தது. அதே நிலையில் வந்து பிழைக்காதவையும் உண்டு. சிறு வயதில், இரத்தப் பரிசோதனை செய்து, நாள் குறித்துச் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையை, சிறுநீரகம் தளர்ந்துகொண்டிருக்கும் ஒரு முதிய நாய்க்கு நள்ளிரவில் செய்ய நேர்வதைத் தவிர்ப்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

உங்கள் மாமியாரிடம் மரியாதையாகவே எடுத்துச் சொல்லுங்கள்: ஒரு முறை குட்டி போடுவதால் பெட்டையின் உடலுக்குக் கூடும் நன்மை எதுவும் கிடையாது. லேப்ரடார் ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் போடும். அத்தனைக்கும் நல்ல வீடு தேடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பண்ணைக் குட்டிகள் தெருவில் விடப்படுவதைக் கண்டவர்கள் அறிவார்கள். கருத்தடை செய்தால் காவல் குணம் போய்விடும் என்பதும் உண்மையல்ல.

இனி ஹீட்டைச் சமாளிப்பது பற்றி. லேப்ரடாருக்கு முதல் பருவம் பெரும்பாலும் எட்டு முதல் பதினான்கு மாதத்துக்குள் வரும். இரண்டு வயதுவரை வராவிட்டால்தான் பரிசோதிக்க வேண்டும். இரத்தக் கசிவுக்குச் சில நாள் முன்பே பிறப்புறுப்பு தடித்து வீங்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், பின்புறத்தை நக்கும். நன்றாக நக்கித் துடைத்துக்கொள்ளும் நாயிடம் கசிவே கண்ணில் படாமல் போகலாம் என்பதால், இன்றிலிருந்தே நாள்தோறும் காலையில் ஒரு வெள்ளைத் துணியையோ டிஷ்யூ தாளையோ பிறப்புறுப்பில் மெல்ல ஒற்றிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக முதல் கறை தெரியும் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் எழுதிவையுங்கள். பின்னால் எடுக்க வேண்டிய எல்லா முடிவுகளுக்கும் அந்தத் தேதியே அடிப்படை.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பெண்களின் மாதவிலக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரத்தம் நின்றுவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நாயிடம் வரிசை வேறு. முதல் எட்டு, ஒன்பது நாள் இரத்தம் கசியும்போது ஆண் நாய்கள் மொய்த்தாலும் பெட்டை அவற்றைச் சீறி விரட்டும். கசிவு குறைந்து, சிவப்பு மங்கி வைக்கோல் நிறமாக மாறி, முதுகின் பின்புறத்தைத் தடவினால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கத் தொடங்கும் நாள்களில்தான் கருமுட்டை வெளியாகிறது. இதுவும் ஒன்பது நாள் அளவுக்கு நீடிக்கும். ஆனால் இரண்டு கட்டங்களுமே நாய்க்கு நாய் மூன்று நாளாகவும் இருக்கலாம், மூன்று வாரமாகவும் இருக்கலாம் என்பதால் பத்தாம் நாள், பதினான்காம் நாள் என்ற கணக்கை நம்பிக் காவலைத் தளர்த்தக் கூடாது. ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உடலில் ஏறக்குறைய ஒரு வாரம் உயிரோடிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். முதல் கறையிலிருந்து நான்கு வாரம் முழுவதும் காவல் இருக்க வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. இளம் பெட்டைகளில் சிலவற்றுக்குப் பருவம் தொடங்கிப் பாதியில் நின்று, சில வாரம் கழித்து மறுபடி முழுதாக வரும்; வீக்கமும் கசிவும் திரும்பினால் புதிதாக எண்ணத் தொடங்குங்கள்.

சில வீடுகளில் தீட்டு என்று சொல்லி, இந்த நாள்களில் நாயைக் கொல்லைப்புறத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ கட்டிவிடுகிறார்கள். பருவத்திலிருக்கும் பெட்டைக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. கம்பிக் கதவின் இடைவெளி வழியாகவே இணை சேர்ந்து சினையான நாயை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தடிச் சுவரைத் தெருநாய் தாண்டுவதும் சாதாரணம். நாயை வீட்டுக்குள்ளே, கதவு உள்ள அறையில் வையுங்கள். தரையில் பழைய பருத்தி விரிப்புகளைப் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். நாய்களுக்கான டயப்பர் கறையைத் தடுக்கும், இணை சேர்வதைத் தடுக்காது. மணிக்கணக்கில் கட்டிவைத்தால் தோல் புண்ணாகும். வெதுவெதுப்பான நீரில் துடைத்தால் போதும், கிருமிநாசினி எதையும் உள்ளே ஊற்றிக் கழுவ வேண்டாம். மலஜலத்துக்கு வெளியே கொண்டுபோகும்போது கழுத்துப்பட்டையோடு உடல்பட்டையும் போட்டு, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்து, பெரியவர் ஒருவரே அழைத்துச் செல்லட்டும். வழக்கமாகச் சொன்ன சொல் கேட்கும் நாய்கூட இந்த நாள்களில் கேட்காது. மொட்டை மாடி இருந்தால் வெயில் ஏறுமுன் அங்கேயே கொண்டுபோவது நல்லது. மார்கழி மாதத்து நாய் என்று நம் பேச்சிலேயே ஒரு வழக்கு உண்டல்லவா? தெருவில் ஆண் நாய்கள் கூட்டமாகத் திரியும் மழைக்கால, பனிக்கால மாதங்களில் உங்கள் நாயின் பருவமும் சேர்ந்து வந்தால் காவலை இரட்டிப்பாக்குங்கள். தெருநாயோடு இணை சேர்வதால் வருவது குட்டி மட்டுமல்ல. பிறப்புறுப்பில் பூக்கோசுபோல் வளரும் தொற்றுக் கட்டி நம் ஊர்த் தெருநாய்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது, அது பெரும்பாலும் இணை சேர்வதன் வழியாகப் பரவுகிறது.

வீட்டு ஆண் நாயை அடுத்த அறையில் பூட்டி வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அது கதவைப் பிறாண்டும், ஊளையிடும், சாப்பிடாது, இரு நாய்களுக்குமே அது வேதனை. முடிந்தால் அதை அந்த நான்கு வாரத்துக்கு உறவினர் வீட்டில் விடுங்கள். அதைவிட நல்ல யோசனை, அதற்கு இப்போதே கருத்தடை செய்துவிடுவது. இரண்டு வயது என்பதால் அதன் வளர்ச்சி முடிந்துவிட்டது, காத்திருக்கக் காரணமில்லை. ஆனால் செய்த பிறகும் ஐந்தாறு வாரம் வரை அதனால் சினையாக்க முடியும் என்பதால், தள்ளிப்போடாமல் இந்த மாதமே செய்தால்தான் பெட்டையின் பருவத்துக்குள் பயன் தரும்.

இவ்வளவுக்குப் பின்னும் இணை சேர்ந்துவிட்டால், பூட்டிக்கொண்டு நிற்கும் நாய்களைத் தண்ணீர் ஊற்றியோ அடித்தோ பிரிக்காதீர்கள். இரண்டுக்கும் உள்காயம் ஏற்படும். கால் மணி, அரை மணி நேரத்தில் தாமாக விலகும். தேதியைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நாலு வாரத்தில் ஸ்கேன் பார்த்து, சினை என்றால் அந்த நிலையிலேயே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடலாம். ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுக் கலைப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது எலும்பு மஜ்ஜையை அழிக்கக்கூடியது, கருப்பையில் சீழுக்கும் வழிவிடும். ஹீட்டே வராமல் தடுக்கும் புரொஜெஸ்டிரோன் வகை ஊசிகளும் அப்படித்தான். அவற்றைப் போட்டுக்கொண்ட நாய்களிடம் சீழ் பிடித்த கருப்பையையும் மடிக் கட்டியையும் சர்க்கரை நோயையும் கண்டிருப்பதால் நான் அவற்றைப் போடுவதில்லை.

பருவம் முடிந்ததும் ஏன் மூன்று மாதம் என்று கேட்கலாம். பருவத்தின்போதே அறுத்தால் இரத்தக் குழாய்கள் புடைத்திருப்பதால் இரத்தப்போக்கு கூடும். அடுத்த இரண்டு மாதத்துக்குள் அறுத்தால் புரொஜெஸ்டிரோன் திடீரென்று வீழ்ந்து, அதற்கு எதிராகப் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் எழுந்து, நாய்க்குப் பொய்ச்சினை தோன்றலாம்: பொம்மையைக் குட்டிபோல் அணைத்துக் காக்கும், துணியைக் குவித்துக் கூடு கட்டும், மடியில் பால் சுரக்கும். அறுவை சிகிச்சை இல்லாமலே பருவம் முடிந்து ஆறேழு வாரத்தில் பல நாய்களுக்கு இது வரும். அப்போது பாலைக் கறந்து பார்க்கக் கூடாது, கறந்தால் மேலும் சுரக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும், அடங்காவிட்டால் மருந்து உண்டு. பொய்ச்சினை முழுவதும் தணிந்த பிறகே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும்.

நம் ஊரில் அறுவை சிகிச்சைக்கு முன் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இரத்தப் பரிசோதனை. உண்ணி கடிப்பதால் கிருமி பரவி வரும் உண்ணிக் காய்ச்சல் இங்கே ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஓடியாடிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாயின் இரத்தத்தில்கூட அந்தக் கிருமி பதுங்கியிருந்து, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிட்டிருக்கும். தட்டணு எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் நான் கத்தியை எடுப்பதில்லை. சிகிச்சை கொடுத்து, எண்ணிக்கை ஏறிய பின் வரச் சொல்கிறேன். உண்ணி மருந்தை இப்போதிருந்தே ஒழுங்காகக் கொடுத்து வாருங்கள். எங்கே செய்வது என்றால், வாயு மயக்க மருந்தும், மயக்கத்தின்போது இதயத்தையும் மூச்சையும் கண்காணிக்கும் கருவியும், அதற்கென ஓர் ஆளும் உள்ள இடமா என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். சென்னை வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம். கருப்பையையும் சேர்த்து எடுப்பதா, சினைப்பைகளை மட்டும் எடுப்பதா என்பதை அறுவை செய்பவரிடம் விட்டுவிடலாம், இளம் நாய்க்கு இரண்டும் சமமே. ஆனால் சினைப்பையில் ஒரு துணுக்குகூட உள்ளே தங்கக் கூடாது. தங்கினால் மறுபடி ஹீட் வரும்.

வீட்டுக்கு வந்த முதல் இரவில் ஈறுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியவை வெளிறியிருந்தாலும், நாய் துவண்டு கிடந்தாலும் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகித்து உடனே மருத்துவரை அழையுங்கள். வலிக்காக மனிதர்களுக்கான பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். பத்து, பதினான்கு நாள் குளியலும் குதித்தலும் மாடிப்படியும் வேண்டாம். தையலை நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பு இருக்கட்டும், பாவமாகப் பார்க்கிறதே என்று இரவில் கழற்றி வைத்து மறுநாள் பிரிந்த தையலோடு வந்தவர்கள் ஏராளம். தையல் ஆறியதும் உணவைக் கால் பங்கு குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஏற்கெனவே உணவைக் கண்டால் நிற்காத இனம் இது. காத்திருந்து காப்பாற்றிய மூட்டுகளை எடை கூட விட்டுக் கெடுத்துவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருங்கள். கருத்தடை செய்த பெரிய பெட்டைகளில் சிலவற்றுக்கு, சில ஆண்டுகள் கழித்துக்கூட, தூங்கும்போது தன்னை அறியாமல் சிறுநீர் கசியும். காலையில் படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து அதை அதட்டவோ வெளியே படுக்க வைக்கவோ செய்யாதீர்கள். சிறுநீர்க் குழாயின் வாயை இறுக்கும் தசை ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் தளர்வதால் வருவது அது, மாத்திரைக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும்.